ஆயிரம் ரூபாய் இயர்பட்டின் உள்ளே

கைபேசிக்கும் காதுக்கும் இடையே மட்டுமன்றி, இரு காதுகளுக்கு இடையிலும் கம்பி இல்லாத ஒலிச்சாதனத்தையே சந்தையில் ‘ட்ரூ ஒயர்லெஸ்’ இயர்பட் என்கின்றனர். 2016 டிசம்பரில் ஆப்பிள் நிறுவனத்தின் ஏர்பாட்ஸ் 159 டாலர் விலையில் விற்பனைக்கு வந்தபோது வசதி படைத்தோரின் அணிகலனாகத் தோன்றிய இந்த வகைச் சாதனம், பத்தாண்டுகளுக்குள் சென்னை ரிச்சி தெருவின் கடைகளிலும் இணைய அங்காடிகளிலும் ஆயிரம் ரூபாய்க்கும் குறைவாகக் கிடைக்கும் நிலையை எட்டிவிட்டது. விலை இவ்வளவு இறங்கிய பொருளில் எதையோ விட்டுக்கொடுத்திருப்பார்கள் என்ற ஐயம் வாங்குவோர்க்கு எழுவது இயல்பு. பெரும்பாலோர் அந்த ஐயத்தை ஒலித்தரத்தின்மீதே வைக்கின்றனர். ஆனால் சாதனத்தைப் பிரித்துப் பார்த்தால், மிகக் குறைவாக விட்டுக்கொடுக்கப்பட்டிருப்பது ஒலித்தரமே என்பதும், இழப்பு வேறிடங்களில், பெரும்பாலும் அட்டைப்பெட்டியின் மேல் அச்சிடப்படாத இடங்களில் நேர்ந்திருக்கிறது என்பதும் தெரியவரும்.

விலைச் சரிவின் முதற் காரணம் ஒற்றைச் சில்லு. ரேடியோ அலையை வாங்கி அனுப்பும் பகுதி, கணிப்பான், எண்களாக வரும் இசையை மின்னலையாக மாற்றும் பகுதி, அதைப் பெருக்கும் பகுதி, மின்கலத்தின் சார்ஜைக் கண்காணிக்கும் பகுதி ஆகிய அனைத்தும் சில மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரே சிலிக்கான் துண்டில் அடங்கிவிடுகின்றன. சீனாவின் ஜூஹாய் நகரத்து ஜியேலி, ஷென்ஜென் நகரத்து புளூட்ரம் போன்ற நிறுவனங்கள் இத்தகைய சில்லுகளை, அவற்றை இயக்கும் மென்பொருளோடும் மாதிரிச் சுற்று வரைபடத்தோடும் சேர்த்தே விற்பதால், புதிதாக ஒரு பிராண்டைத் தொடங்குவோர்க்கு மின்னணுவியல் ஆய்வுக்கூடம் தேவைப்படுவதில்லை. வெளிக்கூட்டின் வடிவமும் முத்திரையும் வேறுபட, உள்ளே ஒரே சில்லும் ஒரே மென்பொருளும் இருக்கும் இயர்பட்கள் வெவ்வேறு பெயர்களில் ஒரே கடையின் அலமாரியில் அடுத்தடுத்து இருப்பதற்கு இதுவே காரணம். இதன் விளைவு ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும்: கணக்கிட்டுத் தீர்க்கக்கூடிய சிக்கல்கள் எல்லாம் இச்சாதனத்தில் ஏறத்தாழ இலவசமாகத் தீர்ந்துவிடுகின்றன; கணக்கால் தீராத வேதியியலும், பொருத்தத்தின் நுட்பமும், வாய்க்கும் காதுக்கும் உள்ள தூரமும்தான் மலிவு மாதிரியை விலையுயர்ந்த மாதிரியிலிருந்து பிரித்துக் காட்டுகின்றன.

இயர்பட்டில் ஒலியை உண்டாக்குவது டிரைவர் எனப்படும் சிறு ஒலிபெருக்கி. ஆறு முதல் பதின்மூன்று மில்லிமீட்டர் விட்டமுள்ள மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு, அதில் ஒட்டிய செப்புக் கம்பிச் சுருள், சுருளைச் சூழ்ந்த நியோடிமியம் காந்தம் ஆகிய மூன்றே அதன் உறுப்புகள். சுருளில் மின்னோட்டம் மாறும்போது சவ்வு முன்னும் பின்னும் அசைந்து காற்றை அதிரச் செய்கிறது. ஆனால் காதுக்குள் ஒலியைச் சரியாகச் சேர்ப்பதில் சவ்வைவிடப் பெரிய சிக்கல் செவிக்குழாயே. ஏறத்தாழ 2.5 செ.மீ. நீளமுள்ள இக்குழாய், திறந்த நிலையில் மூன்றாயிரம் ஹெர்ட்ஸ் அளவிலான ஒலிகளைத் தானாகவே ஒத்ததிர்ந்து உயர்த்துகிறது. வாழ்நாள் முழுவதும் மூளை பழகியிருப்பது இவ்வாறு உயர்த்தப்பட்ட ஒலிக்குத்தான். குழாயின் வாயை இயர்பட் அடைத்துவிட்டால் அந்த இயல்பான ஒத்ததிர்வு சிதைந்துபோகிறது. ஆகவே இழந்த உயர்வைச் செயற்கையாகத் திரும்பச் சேர்த்தால்தான் பாடகரின் குரல் இயல்பாகக் கேட்கும். முற்காலத்தில் சவ்வின் பொருளையும் துளைகளின் அளவையும் பொறுமையாக மாற்றி மாற்றிச் செய்த இந்தச் சரிப்படுத்தலை, இன்று சில்லுக்குள் இருக்கும் எண்ணிமச் சமன்படுத்தி சில வரி எண்களால் செய்து முடிக்கிறது. சுமாரான டிரைவரின் குறைகளை மென்பொருள் மறைத்துவிடுகிறது என்று இதைச் சுருக்கமாகச் சொல்லலாம்.

விலை கூடினால் ஒலியும் மேம்படும் என்ற கருத்து, அளவீட்டின் முன் நிற்பதில்லை. ஒலியியல் ஆய்வாளர் யெரூன் பிரேபார்ட் 283 ஹெட்ஃபோன்களின் அதிர்வெண் விடையை, அதாவது தாழ் ஒலி முதல் உச்ச ஒலி வரை ஒவ்வொன்றையும் எந்த அளவில் ஒலிக்கின்றன என்பதை, அவற்றின் விற்பனை விலையோடு ஒப்பிட்டு, இரண்டுக்கும் தொடர்பு இல்லை என்று 2017இல் வெளியிட்டார். மலிவானவை எல்லாம் நன்றாக ஒலிக்கும் என்று இதற்குப் பொருளில்லை. விலையைப் பார்த்து ஒலியை ஊகிக்க முடியாது என்பதே பொருள். இந்தியச் சந்தையின் மலிவு மாதிரிகளில் மிகப் பொதுவான குறை, கடையில் முதல் நிமிடத்திலேயே வாங்குபவரைக் கவர வேண்டும் என்பதற்காகத் தாழ் அதிர்வெண்களை, அதாவது ‘பேஸ்’ எனப்படும் அடியொலியை, அளவுக்கு மீறி உயர்த்திவைப்பதாகும். தவிலும் டிரம்ஸும் அதிர்கையில் வீணையின் நுண்கமகம் அவற்றினடியில் மறைந்துபோகிறது. இந்தக் குறை இயலாமையால் நேர்வதன்று, வணிகத் தேர்வால் நேர்வது. கைபேசிச் செயலியில் சமன்படுத்தி இருந்தால் பெருமளவு சரிசெய்துகொள்ளவும் முடியும்.

செவிக்குழாய் இறுக்கமாக அடைபடாவிட்டால் அடியொலி கசிந்து வெளியேறிவிடும் என்பதால், உடன் வரும் மூன்று அளவு சிலிகான் முனைகளில் தகுந்ததைப் பொருத்துவது ஐந்நூறு ரூபாய் கூடுதல் விலையைவிட அதிக மாற்றத்தைத் தரவல்லது. ஆயினும் வாங்குபவரால் சரிசெய்ய முடியாத குறை ஒன்றும் உண்டு. வலது டிரைவரும் இடது டிரைவரும் ஒரே அளவில் ஒலிக்கின்றனவா என்று தொழிற்சாலையில் சோதித்து இணைசேர்ப்பதற்கு நேரமும் ஆளும் வேண்டும். மலிவு மாதிரிகளில் முதலில் குறைக்கப்படுவது இந்த நேரமே. பாடகர் குரல் நடுவில் நிற்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து கேட்பது இவ்வாறு சோதனை தவறிய இணைகளின் அடையாளம். ஒரே மாதிரியை வாங்கிய இருவர் முற்றிலும் மாறான மதிப்புரை எழுதுவதற்கும் பெரும்பாலும் இதுவே பின்னணி.

கைபேசியிலிருந்து இயர்பட்டுக்கு இசை வருவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். இந்தியாவில் 2005 முதல் உரிமம் தேவைப்படாததாக அறிவிக்கப்பட்ட இந்த வரிசையை வைஃபையும் புளூடூத்தும் பகிர்ந்துகொள்வதால் ஏற்படும் நெரிசலைச் சமாளிக்க, மரபு புளூடூத் இவ்வரிசையை 79 தடங்களாகப் பிரித்து, நொடிக்கு 1,600 முறை தடம் மாறித் தாவுகிறது. நெரிசல் மிகுந்த தடங்களை அடையாளம் கண்டு ஒதுக்கிவிடவும் செய்கிறது. இந்த அலையின் நீளம் சுமார் 12.5 செ.மீ.; மனிதத் தலையின் அகலமும் ஏறத்தாழ அதே அளவுடையது; நீர் நிறைந்த திசுக்கள் இதை நன்கு உறிஞ்சிக்கொள்ளவும் செய்வதால், ஒரு காதிலிருந்து மறு காதுக்குத் தலையைக் கடந்து செய்தி அனுப்புவது கடினமாகிறது. தொடக்க கால இயர்பட்களில் ஒன்று முதன்மையாக இருந்து கைபேசியிடமிருந்து வாங்கியதை மற்றதற்குக் கைமாற்றிய முறையில் மறு காது அடிக்கடி விட்டுவிட்டுக் கேட்டதன் காரணம் இதுதான். பின்னர் வந்த சில்லுகளில், கைபேசி முதன்மை இயர்பட்டோடு நடத்தும் உரையாடலை இரண்டாவது இயர்பட் தானாகவே ஒட்டுக்கேட்டுத் தன் பங்கைப் பிரித்தெடுத்துக்கொள்கிறது. கணக்கால் தீர்ந்த சிக்கல் என்பதால், இந்த வசதி எண்ணூறு ரூபாய் மாதிரி வரை இறங்கிவந்துவிட்டது.

புளூடூத்தின் பதிப்பு எண்ணைப் பெரிய எழுத்தில் அச்சிடும் வழக்கத்தைப் பற்றி ஒரு சொல். 2020 ஜனவரியில் வெளியான 5.2 பதிப்பு, இரு காதுகளுக்கும் தனித்தனி ஓடைகளை அனுப்பும் ‘எல்இ ஆடியோ’ என்ற புதிய முறைக்கு அடித்தளம் இட்டது உண்மையே. ஆனால் அந்த முறையைச் செயல்படுத்துவது கட்டாயமில்லை என்பதால், 5.3 என்றோ 5.4 என்றோ எழுதப்பட்ட மலிவு இயர்பட் பெரும்பாலும் பழைய முறையிலேயே, எல்லா புளூடூத் இசைச் சாதனங்களுக்கும் பொதுவான எஸ்பிசி என்னும் கோடெக்கிலேயே இயங்குகிறது. கோடெக் என்பது இசைத் தரவைச் சுருக்கி அனுப்பி மறுமுனையில் விரிக்கும் குறிமுறை; குறுந்தகட்டின் நொடிக்கு 1,411 கிலோபிட் அளவை எஸ்பிசி தன் உயர் நிலையில் 328 கிலோபிட் அளவுக்குச் சுருக்குகிறது. பேருந்திலோ தெருவிலோ கேட்பவர்க்கு இதனால் நேரும் இழப்பு பொருட்படுத்தத் தக்கதன்று.

காலத் தாமதம் மட்டும் வேறு வகை. தடம் மாறித் தாவும்போது தவறிய துணுக்குகளை மீண்டும் கேட்டுப் பெறுவதற்கு அவகாசம் வேண்டும் என்பதால், இயர்பட் சிறிதளவு இசையைச் சேமித்து வைத்துக்கொண்டே ஒலிக்கிறது. ஆகவே ஒலி நொடியில் ஐந்திலொரு பங்கு அளவு பின்தங்குவது சாதாரணம். திரைப்படச் செயலிகள் படத்தையும் அதே அளவு தாமதப்படுத்தி உதட்டசைவைப் பொருத்திவிடும். விளையாட்டுச் செயலியில் விசையைத் தட்டுவது எப்போது என்று முன்கூட்டி அறிய வழியில்லாததால் அங்கே தாமதம் அப்படியே தெரியும். ‘கேம் மோட்’ என்பது சேமிப்பைக் குறைத்துக்கொள்ளும் ஏற்பாடே. தாமதம் குறைவதற்கு ஈடாக, நெரிசலான இடத்தில் ஒலி அறுபடும் வாய்ப்பு கூடுகிறது.

மலிவு இயர்பட் விளம்பரங்களில் மிகுந்த குழப்பத்தை விளைப்பது இரைச்சல் நீக்கம். ஏஎன்சி, இஎன்சி என்னும் இரண்டு சுருக்கெழுத்துகள் ஓரெழுத்தால் மட்டுமே வேறுபட்டாலும், அவற்றால் பயன்பெறுவோர் இருவேறு மனிதர்கள். ஏஎன்சி அணிந்திருப்பவரின் காதில் விழும் புற இரைச்சலைக் குறைக்கிறது; இஎன்சி அணிந்திருப்பவர் பேசும்போது அவரைச் சுற்றியுள்ள இரைச்சல் மறுமுனையில் இருப்பவர்க்குக் கேட்காமல் வடிகட்டுகிறது. இஎன்சி என்று மட்டும் அச்சிடப்பட்ட இயர்பட்டை வாங்கிக்கொண்டு மின்சார ரயிலில் ஏறியவர்க்கு ரயிலின் இரைச்சல் சிறிதும் குறையாது என்பதை எந்த அட்டைப்பெட்டியும் தெளிவாகச் சொல்வதில்லை. அந்த மௌனத்தைத் தற்செயலானது என்று கொள்வது கடினம்.

ஏஎன்சியின் கருத்து பழையது. ஓர் ஒலியலையின் மேட்டுக்கு நேராகப் பள்ளமும் பள்ளத்துக்கு நேராக மேடும் அமைந்த எதிரலையை உண்டாக்கினால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் என்ற கொள்கைக்கு ஜெர்மானியரான பால் லூக் 1936இலேயே அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். கொள்கை எளியது, துல்லியம்தான் அரியது. இரைச்சலைப் பத்தில் ஒரு பங்காக, அதாவது 20 டெசிபெல் அளவு குறைக்க வேண்டுமானால், எதிரலை சரியான கட்டத்திலிருந்து ஆறு பாகைக்கும் குறைவாகவே பிறழலாம். நூறு ஹெர்ட்ஸ் அளவிலான எஞ்சின் முழக்கத்துக்கு இது 160 மைக்ரோ நொடி அவகாசம். ஆயிரம் ஹெர்ட்ஸ் ஒலிக்கு வெறும் 16 மைக்ரோ நொடி. எந்த விலை இயர்பட்டானாலும் ஏஎன்சி வண்டியின் உறுமலை அடக்கி, பக்கத்து இருக்கைக்காரரின் பேச்சையும் குழந்தையின் அழுகையையும் பெரும்பாலும் விட்டுவிடுவது இதனால்தான்.

கால அவகாசத்தைச் சில்லு சமாளித்துவிடும். அளவுப் பொருத்தத்தை அதனால் தனியே சமாளிக்க இயலாது. அதே 20 டெசிபெல் குறைப்புக்கு எதிரலையின் வலிமை பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது. இரைச்சலைக் கேட்கும் மைக் தன் வேலையில் 3 டெசிபெல் பிறழ்ந்தால், கட்டம் முற்றிலும் பொருந்தியிருந்தாலும், கிடைக்கும் குறைப்பு எட்டு முதல் பதினோரு டெசிபெல் அளவே. மலிவான மைக்குகளுக்கு இவ்வளவு பிறழ்வு அரிதன்று. விலையுயர்ந்த மாதிரிகளில் ஒவ்வொரு இயர்பட்டையும் செயற்கைக் காதில் பொருத்தி அளந்து, அதன் பிறழ்வை அதன் நினைவகத்திலேயே எழுதித் திருத்துகின்றனர். இந்தத் தனித்தனித் திருத்தத்துக்கு ஆகும் சில நிமிடங்களே விலையில் பெரும் வேறுபாட்டை உண்டாக்குகின்றன. பெட்டியில் காணும் ‘32 டெசிபெல்’ போன்ற எண்கள் ஏதோ ஓர் அதிர்வெண்ணில் சிறந்த மாதிரி எட்டிய உச்சமாக இருக்கலாமே தவிர, பயன்படுத்துபவர் உணரும் சராசரி ஆகாது.

பேசும் பக்கம் இன்னும் பலவீனமானது. வாயிலிருந்து ஒலி முன்னோக்கிப் பரவுகிறது. இயர்பட்டின் மைக்கோ பக்கவாட்டில், கன்னத்துக்குப் பின்னால் இருக்கிறது. தண்டு வடிவ இயர்பட் மைக்கை இரண்டு மூன்று செ.மீ. வாய்ப்பக்கம் நகர்த்துவதால் அது பேச்சுக்கு மொட்டு வடிவத்தைவிட மேலானது. இரு மைக்குகளை அடுத்தடுத்து வைத்து, இரண்டு செ.மீ. இடைவெளியைக் கடக்க ஒலி எடுத்துக்கொள்ளும் 58 மைக்ரோ நொடி வேறுபாட்டைக் கொண்டு வாயின் திசையை அறிவதே இஎன்சியின் அடிப்படை; சாலை இரைச்சலை இது ஓரளவு அடக்கினாலும், காற்று மைக்கின் துளைமீது நேராக மோதும்போது செயலிழந்துவிடுகிறது. இதற்கு மேலாக, மைக் இயங்கத் தொடங்கியதும் புளூடூத் இசைக்கான வழியை விட்டு அழைப்புக்கான வழிக்கு மாறிவிடுகிறது. அங்கே ஒலியின் மாதிரியெடுப்பு நொடிக்கு 16,000, பழைய முறையில் 8,000 என்று சுருங்கிவிடுவதால், இணையவழி வகுப்பில் ஆசிரியரின் குரல் திடீரெனப் பழைய தொலைபேசிக் குரலாக மாறுகிறது. நாள் முழுவதும் அழைப்பில் பேசுவதையே தொழிலாகக் கொண்டவர்க்கு மலிவு இயர்பட்டைப் பரிந்துரைப்பது பொறுப்பான செயலாகாது.

இனி மின்கலம். ஒவ்வொரு இயர்பட்டிலும் நாற்பது மில்லி ஆம்பியர் மணி அளவுள்ள லித்தியம் மின்கலம் ஒன்று இருக்கிறது. கைபேசியின் ஐயாயிரத்தோடு ஒப்பிட்டால் நூற்றிருபத்தைந்தில் ஒரு பங்கு. ஐந்து மணி நேரம் பாடுவதற்கு அது மணிக்கு எட்டு மில்லி ஆம்பியர் மணி மட்டுமே செலவிட வேண்டும். காதை அடைத்த நிலையில் போதிய ஒலிக்கு ஒரு மில்லிவாட்டுக்கும் குறைந்த ஆற்றலே தேவை என்பதால், செலவின் பெரும்பகுதி இசைக்குப் போவதில்லை. ரேடியோவும் கணிப்பானும் அதைத் தின்றுவிடுகின்றன. ‘40 மணி நேரம்’ என்ற விளம்பர எண் சார்ஜிங் பெட்டியின் சேமிப்பையும் சேர்த்து, பாதி ஒலியளவில், ஏஎன்சி அணைக்கப்பட்ட நிலையில் கணக்கிடப்படுவது. பெட்டியின் மின்னழுத்தத்தை உயர்த்தி, பின் இயர்பட்டுக்குள் தாழ்த்திச் செலுத்தும்போது ஒரு பகுதி வெப்பமாகப் போவதும் அந்த எண்ணில் சேர்வதில்லை.

முதல் நாளின் கால அளவு ஒரு கேள்வி. ஐந்நூறாவது நாளின் கால அளவு வேறு கேள்வி. சாதாரண லித்தியம் மின்கலம் முந்நூறு முதல் ஐந்நூறு முழுச் சுழற்சிகளில் தன் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கை இழக்கிறது. தினம் ஒருமுறை காலியாகும் இயர்பட்டுக்கு இது ஏறத்தாழ பத்து முதல் பதினாறு மாதம். பயன்படுத்தாத வேளையிலும் மூப்பு நிற்பதில்லை. பெட்டிக்குள் வைத்தவுடன் மின்கலம் 4.2 வோல்ட் என்னும் உச்ச அழுத்தத்துக்கு ஏற்றப்பட்டு அங்கேயே நிறுத்திவைக்கப்படுகிறது; முழுச் சார்ஜும் வெப்பமும் சேர்ந்த நிலையே லித்தியம் மின்கலத்துக்கு மிகக் கேடானது. சித்திரை வெயிலில் நிறுத்திய காரின் முன்பலகையில் விடப்பட்ட பெட்டியின் ஆயுள் குறைவதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. அழைப்புகளைத் தாங்கும் முதன்மை இயர்பட் அதிகம் செலவழிப்பதால் இரண்டும் ஒரே வேகத்தில் மூப்படைவதும் இல்லை: ஒன்று மூன்று மணி நேரம் தாங்கும்போது மற்றது ஒன்றரை மணியில் அணைந்து, இணை என்ற நிலையில் சாதனமே பயனற்றதாகிறது. அப்போது ஒற்றை இயர்பட்டைத் தனியே விற்பதற்கு மலிவு பிராண்டுகளில் பெரும்பாலும் ஏற்பாடு இருப்பதில்லை.

நீர்த்தடுப்புக் குறியீட்டில் கூற அதிகமில்லை. ஐபிஎக்ஸ்4 என்றால் எத்திசையிலிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும் என்று பொருள்; இடையிலுள்ள எக்ஸ், தூசிக்கான சோதனை விடையைக் குறிப்பிடவில்லை என்பதைக் காட்டுகிறது. சோதனை நன்னீரில் நடப்பது. வியர்வையோ உப்புநீர், சார்ஜ் முனைகளின் முலாம் மெலிந்திருந்தால் அவற்றை விரைவில் அரித்துவிடும். பெட்டிக்கு இந்தத் தடுப்பு பெரும்பாலும் கிடையாது என்பதால், ஈரத்தோடு இயர்பட்டை உள்ளே வைப்பது தவறான பழக்கம்.

காதின் நலனைப் பொறுத்தவரை விலை மறைமுகமாகவே தலையிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 80 டெசிபெல் அளவில் 40 மணி நேரத்தைப் பாதுகாப்பான எல்லையாகக் கொள்கிறது. ஒவ்வொரு 3 டெசிபெல் உயர்வுக்கும் அந்நேரம் பாதியாகி, 89 டெசிபெல்லில் ஐந்து மணியாகிவிடும். நன்கு பொருந்தாத முனையும் பெயரளவிலான ஏஎன்சியும் உள்ள இயர்பட்டை அணிந்தவர், பேருந்தின் இரைச்சலை வெல்வதற்கு ஒலியளவை உயர்த்திக்கொண்டே போவதுதான் ஆபத்து.

பழுதுபார்ப்பு என்ற சொல்லுக்கு இந்தச் சாதனத்தில் ஏறத்தாழ இடமேயில்லை என்பதை விலையுயர்ந்த பிராண்டுகளும் மறுக்க முடியாது; ஒட்டி மூடப்பட்ட கூட்டைப் பிளக்காமல் மின்கலத்தை எட்ட இயலாது. இது இயற்கை விதித்த தடையன்று என்பதற்கு நெதர்லாந்தின் ஃபேர்ஃபோன் நிறுவனம் 2024இல் வெளியிட்ட ஃபேர்பட்ஸ் சான்று: அதில் இயர்பட்டின் மின்கலத்தையும் பெட்டியின் மின்கலத்தையும் பயன்படுத்துபவரே மாற்றிக்கொள்ளலாம். அதன் விலை இந்திய மலிவு மாதிரிகளின் விலையைப் போலப் பல மடங்கு. ஆயினும் ஒன்றரை ஆண்டுக்கு ஒரு முறை புதிய இணை வாங்குபவர் ஆறு ஆண்டுகளில் நான்கு பெட்டிகளையும், எட்டு இயர்பட்களையும், பன்னிரண்டு லித்தியம் மின்கலங்களையும் கைவிடுகிறார். 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த இந்திய மின்கழிவு விதிகள் அவற்றைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்விக்கும் பொறுப்பை உற்பத்தியாளர்மீது சுமத்துகின்றன; ஆனால் நான்கு கிராம் எடையுள்ள ஒரு பொருளுக்காகச் சேகரிப்பு மையத்தைத் தேடிச் செல்வோர் சிலரே என்பதால், அவற்றுள் பல மேசை இழுப்பறையிலும், மீதி வீட்டுக் குப்பையோடு கலந்து குப்பைக் கிடங்கிலும் சேர்கின்றன.